சர்வர்தான் பெரிய கிரேடு

தில்லி ஆர்.கே.புரத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், புதிதாக ஒருவரைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே ‘டைப் என்ன?’ என்று கேட்டுவிடுவார்கள். ஊரிலிருந்து வந்த என் தம்பி, ரத்த குரூப்பைக் கேட்கிறார்கள் என்று நினைத்து ‘பி பாசிடிவ்’ என்று பதில் சொல்லியிருக்கிறான். டைப் என்பது அரசாங்கம் கொடுக்கும் வீட்டின் தரம். குமாஸ்தாவுக்கு டைப்-டூ. அவருக்கு ஒரு படி மேலே இருப்பவருக்கு டைப்-த்ரீ. ஆபீசருக்கு டைப்-ஃபோர். யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, மலை மந்திர் கோவிலில் கிருத்திகை அன்று யார் யாருக்கு வரிசையில் இடம் விடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடந்தது. முருகன் மட்டும் எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன, குன்றின் மேல் சொந்த வீடு.

என் கணவர் டைப்-த்ரீக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தவர். ஒதுக்கீட்டு உத்தரவு கையில் கிடைத்த அன்றைக்கு, பால் காய்ச்சுவதற்கு முன்னால், சுத்தியலும் கையுமாக வாசலில் பெயர்ப்பலகையை அடித்தார். பெயர், பதவி, அமைச்சகம். அதில் என் பெயர் இல்லை. நானும் மத்திய அரசில்தான் வேலை பார்த்தேன். ஆனால் நான் மேல்நிலைக் குமாஸ்தா, அவருக்கு ஒரு படி கீழே. கீழே இருப்பவர்களின் பெயரைப் பலகையில் எழுதினால் பெயின்ட் வீணாகும் போலிருக்கிறது.

தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. மகள் படிக்க வெளியூர் போயிருந்தாள். அவளுக்காக நேரு பிளேஸில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர், பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தது. என் கணவர் அதில் இரண்டு காரியங்கள் செய்வார். ஒன்று, சீட்டு விளையாடுவார். இன்னொன்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஜாதகம் போடுவார். வேறு ஒருவருக்கும் அந்த மெஷினால் உபயோகமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உபயோகம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு ஒன்று தொடங்கப்போகிறார்கள், அதற்கு மேற்பார்வையாளர் ஒருவரை உள்ளிருந்தே எடுப்பார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. ஒரே ஒரு இடம். எழுத்துத் தேர்வு கிடையாது, மெஷினில் உட்கார வைத்துச் செய்யச் சொல்லும் செய்முறைத் தேர்வு. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். தேர்வு சமயத்தில் எனக்கு நாற்பத்துநான்கு முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். பதினாறு வருடமாக ஒரே நாற்காலியில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தேய்ந்தவள் நான். இதை விட்டால் ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தி அனுப்பும்போதும் அதே பதவிதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு முன்னால் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு வெளிப்படையாக நான் ஆசைப்பட்டதில்லை.

அதனால் விடிகாலை ஐந்து மணிக்கு, குழாயில் தண்ணீர் வந்து தொட்டி நிரம்புகிற அந்த ஒரு மணி நேரத்தில், மெஷினைத் திறந்து பழகினேன். கடிதம் அடிப்பது, பட்டியல் போடுவது, அச்செடுப்பது. தேர்வில் கேட்கக்கூடியதையெல்லாம் கேள்வி பதிலாக நானே அடித்து அடித்து அதிலேயே சேர்த்து வைத்திருந்தேன். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அப்போதுதான் என் கணவர் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதோடு ஒரு சிடி இலவசம். லினக்ஸ் என்ற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அவருடைய அலுவலக நண்பர் சொல்லியிருக்கிறார். இலவசம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு அவர் மற்றதைக் கேட்டிருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்து, விபூதி பூசி, நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. வீட்டு உபயோகத்துக்கான வடிவமா, சர்வர் வடிவமா?

“இதுல எதுளா பெரிசு?” என்று என்னைக் கேட்டார்.

“நமக்கு வீட்டுலதான இருக்கு? வீட்டுக்குள்ளத போடுங்க” என்றேன் அடுப்படியிலிருந்து.

“சும்மா கெட. சர்வர்ங்கறது பெரிய பெரிய ஆபீஸ்ல போடுதது. நூறு மெஷினுக்கு அதுதான் தலைமை. ரெண்டும் சும்மா குடுக்கான். டைப்-ஃபோர் குடுக்கேங்கும்போது எவனாவது டைப்-டூ வாங்குவானா?”

அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். மேல்மாடி, கீழ்மாடி, எதிர் பிளாக் எல்லோரும் ஒருமனதாகச் சர்வருக்கே கைதூக்கியிருப்பார்கள். கிரேடு என்று வந்துவிட்டால் எங்களுக்குக் கண் தெரியாது.

அடுத்தாற்போல் திரையில் ஒரு நீளமான எச்சரிக்கை வந்தது. சர்வர் வடிவத்தைப் போட்டால் மெஷினில் ஏற்கெனவே இருப்பது அத்தனையும் அழிந்துபோகும், சம்மதமா என்று கொட்டை எழுத்தில் கேட்டிருக்கிறது. வீட்டு வடிவம் அப்படியில்லை. பழையதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் தனக்கு ஓர் இடம் போட்டுக்கொள்ளும். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. என் கணவரோ இருபத்துமூன்று வருடம் கோப்புகளில் ‘பார்த்தேன்’ என்று சுருக்கொப்பம் போட்டுப் பழகியவர். கீழே எங்கே கையெழுத்துப் போடுவது என்று மட்டும்தான் அவர் கண் தேடும். சம்மதம் என்று ஒரே தட்டு.

முக்கால் மணி நேரம் கழித்து மெஷின் எழுந்தது. கறுப்புத் திரை. மேல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வரி, பெயரைக் கேட்டது. படம் இல்லை, பொத்தான் இல்லை, மவுஸை ஆட்டினால் ஒன்றும் அசையவில்லை.

“இன்னும் முழுசா வரல. வரும்” என்றார்.

வரவில்லை. அதுதான் முழுசு. பெரிய ஆபீஸ்களில் சர்வர் ஏதோ ஒரு மூலை அறையில் கிடக்கும், அதன் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால் அதற்கு முகமே வைப்பதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. விண்டோஸ் போயிருந்தது. சீட்டு போயிருந்தது. ஜாதகம் போயிருந்தது. நான் ஆறு மாதமாக அடித்து வைத்த கேள்வி பதில் அத்தனையும் போயிருந்தது.

“என்ன செஞ்சிய? கேக்கேன்லா, என்ன செஞ்சிய?” என்று கத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “அஞ்சு வாரம் இருக்கு எனக்கு. அது கேட்டத வாசிச்சியளா இல்லியா?”

“வாசிச்சேன், வாசிச்சேன். இங்கிலீஷு கொஞ்சம் குழப்பமா எழுதியிருந்தான்.”

குழப்பமான இங்கிலீஷ் எழுதி அதிலேயே சம்பளம் வாங்கும் மனுஷர் இதைச் சொன்னார். அன்று மத்தியானம் நான் சமைக்கவில்லை. கோல் மார்க்கெட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு இரண்டு லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஆறு மாத உழைப்புக்கு இரண்டு லட்டு.

நடந்ததைக் கேட்டு பிளாக் முழுதும் ஒரு வாரம் துக்கம் விசாரித்தது. சர்வர் என்றவுடன் எல்லோரும் ஒரே இட்லி ஜோக்கைத்தான் சொன்னார்கள், ஒவ்வொருவரும் தாங்களே கண்டுபிடித்தது போல. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பழைய விண்டோஸைத் திரும்பப் போட நேரு பிளேஸ் ஆளைக் கூப்பிட்டால், அவர் ‘கல் ஆவூங்கா’, நாளைக்கு வருகிறேன், என்றார். தில்லியில் அந்தக் ‘கல்’ என்ற நாளை எந்தக் காலண்டரிலும் பார்க்க முடியாது. அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டரோ பூட்டிய குளிர்சாதன அறைக்குள் இருந்தது. குமாஸ்தாக்கள் உள்ளே போனால் அதற்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஆக, என் முன்னால் இருந்தது கறுப்புத் திரை ஒன்றுதான்.

என் கணவருக்கு அதில் ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த இயங்குதளத்தில் ‘ரூட்’ என்று ஒரு பதவி உண்டு. எதையும் செய்யலாம், எவரையும் நீக்கலாம், தடையே கிடையாது. அதைத் தனக்கு வைத்துக்கொண்டார். எனக்குச் சாதாரண உபயோகிப்பாளர் என்று ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். நான் எதையாவது செய்யப்போனால் ‘அனுமதி மறுக்கப்படுகிறது’ என்று ஒரு வரி வரும். அடேயப்பா, வீட்டில் நடப்பதை மெஷினும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ரூட்டின் ரகசியச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீட்டு நம்பர். டைப்-த்ரீ வீட்டு நம்பர், வேறு எதை வைப்பார்?

அந்தக் கறுப்புத் திரையில் ‘மேன்’ என்று அடித்து, பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரைப் போட்டால், அது என்ன செய்யும், எப்படிச் செய்யும் என்று பக்கம் பக்கமாக விளக்கம் வரும். வீட்டில் ஒரு மேன் இருந்தும் இத்தனை வருடத்தில் எனக்கு எதற்கும் இப்படி விளக்கம் கிடைத்ததில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொட்டி நிரம்பும் சத்தத்தோடு படித்தேன். முதலில் கடிதம் அடிக்கும் இடத்துக்குள் எப்படிப் போவது என்று கற்றேன். வெளியே வரத் தெரியவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் அந்த எழுத்து கடிதத்தில் போய் விழுந்தது. இரண்டு நாள் பிளக்கைப் பிடுங்கித்தான் வெளியே வந்தேன். மூன்றாம் நாள் வழி தெரிந்தது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கனாட் பிளேஸில் வட்டமாகச் சுற்றிவிட்டு, சரியான பஸ் நிறுத்தத்தைக் கண்டுபிடித்த அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேனோ அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

பத்து நாளில் ஒன்று புரிந்தது. வீட்டு வடிவத்துக்கும் சர்வருக்கும் உள்ளே ஓடுவது ஒன்றேதான். வீட்டு வடிவம் அதற்கு மேலே பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, நம் முன்னால் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. பாட்டு, படம், சீட்டு எல்லாம் கூடவே வருகின்றன. எதைச் செய்யச் சொன்னாலும் ‘நிச்சயமாகவா? யோசித்துத்தான் சொல்கிறீர்களா?’ என்று நாத்தனார் மாதிரி இரண்டு தடவை கேட்கும். சர்வருக்கு அந்த வேலையெல்லாம் இல்லை. அழி என்றால் அழிக்கும், எழுது என்றால் எழுதும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்துவிட்டுப் பேசாமல் காத்திருக்கும். நான் சொன்னதைச் சொன்னபடி, எதிர்ப்பேச்சு இல்லாமல் செய்த முதல் ஜீவன் என் வீட்டுக்குள் அதுதான். எனக்கு அதைப் பிடித்துப்போய்விட்டது.

அதற்குள் என் கணவர் சீட்டு இல்லாமல் வெறும் மவுஸைச் சொடுக்கிக்கொண்டிருக்க ஆரம்பித்திருந்தார். “ஏளா, வீட்டுக்குள்ளதயே போட்டுருவமா? அதுல சீட்டு உண்டாம்” என்று மெல்லக் கேட்டார்.

“பரீச்சை முடியட்டும்.”

“பரீச்சையில இந்தக் கறுப்புக் கழுதையவா வைக்கப்போறான்? படம் போட்டதுதான வைப்பான். நீ இதுல பழகி என்ன ஆகப்போகுது?”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்து அழிக்கவிடும் தைரியம் இல்லை. “தொட்டியன்னா பாத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னேன்.

தேர்வு நாள். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோவில் மாதிரி வரிசையாகச் செருப்புகள். என்னோடு மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவரும் என்னைவிட இளையவர்கள், கரோல் பாகில் எங்கோ பயிற்சி நிலையத்தில் படித்துச் சான்றிதழைக் கண்ணாடித்தாளுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை.

திரைகளுக்கு மேலே இருந்த உறையை எடுத்தார்கள். கறுப்புத் திரை. மேல் ஓரத்தில் ஒரே வரி, பெயரைக் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் இலவசமாகக் கிடைத்த அதே லினக்ஸைச் சர்வராகப் போட்டு, அதற்கு நாலு திரையை மாட்டி வைத்திருந்தார்கள். எங்கள் அரசாங்கமும் என் கணவரைப் போலவே கிரேடு பார்த்து எடுத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் இங்கே அதற்குச் சரியான இடம்தான்.

பக்கத்தில் இருந்தவர் மேஜையைச் சுற்றிச் சுற்றித் தடவினார். “பையா, மவுஸ் கஹாங் ஹை?” என்று கேட்டார்.

“இஸ்மே மவுஸ் நஹீங் ஹோதா” என்றார் தேர்வு நடத்தியவர். இதில் மவுஸ் கிடையாதாம். அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது போல.

ஒரு கடிதம் அடி, ஊழியர் பட்டியலை அகரவரிசையில் அடுக்கு, அதை வேறு இடத்துக்குப் பிரதி எடு, அச்செடு. நான் அடித்தேன், அடுக்கினேன், பிரதி எடுத்தேன், கடைசியாகக் கடிதத்திலிருந்து வெளியே வந்தேன். என் பக்கத்தில் ஒருவர் இன்னமும் உள்ளேயே மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். அவர் படுகிற பாடு எனக்கு நன்றாகத் தெரியும். காதோடு சொல்லிக்கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

எனக்குக் கிடைத்தது. உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு கழிவறையில் போய் நின்று அழுதேன். பதினாறு வருடத்துக்கான அழுகை, ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு முகம் கழுவினேன்.

என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அது பொய்யில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டார். தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். “நான் அன்னைக்கே யோசிச்சுத்தான் வீட்டுல சர்வர் போட்டுக் குடுத்தேன். இவ வீட்டுக்குள்ளது போதும்னா. நான்தான் விடல” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் ஜாங்கிரியைத் தின்றுகொண்டு நின்றேன். மறுவாரமே, ‘இனி உனக்கு பிராக்டிஸ் எதுக்கு?’ என்று வீட்டு வடிவத்தைப் போட்டுச் சீட்டை மீட்டுக்கொண்டார். இந்தத் தடவை என் கோப்புகளையெல்லாம் முன்கூட்டியே ஃப்ளாப்பியில் எடுத்து, பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வீட்டு ஒதுக்கீட்டுக்கான படிவங்கள் வந்தன. புதிய சம்பளப்படி எனக்கு டைப்-ஃபோர் கிடைக்கும். என் கணவரின் கிரேடு இப்போது எனக்கு ஒரு படி கீழே. வீடு என் பெயரில் வர வேண்டுமானால், அவர் பெயரில் உள்ள டைப்-த்ரீயை ஒப்படைப்பதாக அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

படிவத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதுக்கு இப்ப? நாம ரெண்டே பேரு. இந்த வீடு போதாதா? பெரிய வீடுன்னா கூட்டுததே ஒரு வேலை. மலை மந்திர் பக்கம், காய்கறி பக்கம். டீக்தான, நல்லாத்தான இருக்கு?”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பதினொரு வருடம் காத்திருந்தவர். பால் காய்ச்சுவதற்கு முன் ஆணி அடித்தவர். எனக்குக் கோபம்கூட வரவில்லை, நெஞ்சு வலித்தது.

“டைப்-ஃபோர் குடுக்கேங்கும்போது எவனாவது டைப்-டூ வாங்குவானான்னு கேட்டியளே” என்றேன். “இப்ப நான் கேக்கேன்.”

அவர் சீட்டை மூடினார். பிறகு பேனாவை எடுத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புதுவீட்டில் மூன்று படுக்கையறைகள் இருந்தன. பால் காய்ச்சினோம். திரைச்சீலை போட்டோம். பெயர்ப்பலகை மட்டும் ஏறவில்லை. கேட்டால், சுவர் சரியில்லை, ஆணி இறங்காது என்பார். ஐந்து மாதம் சுவர் சரியாகவில்லை. ஆறாம் மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் சங்கத்துக்குப் போயிருந்தபோது, நானே கோல் மார்க்கெட்டில் எழுதச் சொல்லியிருந்த பலகையை எடுத்துவந்து அடித்தேன். ஒதுக்கீட்டு உத்தரவில் இருந்தபடி என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே. ஆணி ஒரே அடியில் இறங்கியது.

சாயங்காலம் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது. வழக்கமாக அடுத்து சாவி திரும்பும் சத்தம் வரும். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். சாவி அவர் கையில்தான் இருந்தது.

“மேடம் இருக்காங்களா?” என்றார்.

“இருக்காங்க. உங்களுக்கு யாரு வேணும்?” என்றேன்.

இருவரும் சிரித்தோம். எனக்கு முன்பாகவே அவர் சிரித்து முடித்துவிட்டார். செருப்பைக் கழற்றி, கம்ப்யூட்டர் அறை வாசலில் போல ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்தார்.